முத்து விழும் முன்னே கேளுங்கள்: நம் விளையாட்டுகளைக் கொண்டு ஆண்டு 1 முதல் 3 வரை கணிதம் கற்பிக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற நகரத்துத் தமிழ்ப்பள்ளியில் கணித ஆசிரியருக்குத் துணைப்பொருள் பஞ்சம் வராது. செம்பனை ஓலையில் ஈர்க்கு, சமையலறையில் புளியங்கொட்டை, சாலையோரத்தில் சாகா எனப்படும் மஞ்சாடி மரத்தடியில் மஞ்சாடி முத்து, பால்மரம் மிச்சமிருக்கும் பக்கம் போனால் ரப்பர் கொட்டை. விளையாட்டும் கைவசம்தான். தாத்தா பாட்டி லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் ஆடியதும், பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துப் பிள்ளைகளிடம் பழகியதும் இன்று ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பலகையைக் கொடுத்து “ஆடுங்கள்” என்று விட்டுவிடுவது. இன்னொன்று, பயிற்றித் தாளில் பல்லாங்குழிப் படம் போட்டு, அதன் கீழே வழக்கமான கூட்டல் கணக்கை அச்சடிப்பது. முதலாவதில் கணக்கு இல்லை. இரண்டாவதில் விளையாட்டு இல்லை.

ஒரே ஒரு விதி

விளையாட்டு தானாகக் கணக்குச் சொல்லித்தராது. நூறு முறை பல்லாங்குழி ஆடிய பிள்ளைக்கும் 12-உடன் 5-ஐக் கூட்ட விரல் தேவைப்படலாம். காரணம், ஆட்டத்தில் அவன் கூட்டவே இல்லை. முத்தை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனான், கை காலியானதும் நின்றான்.

கணக்கு பிறக்கும் நொடி வேறு. குழியிலிருந்து முத்தை அள்ளிவிட்டான், இன்னும் ஒன்றைக்கூடப் போடவில்லை. அப்போது “தம்பி, கடைசி முத்து எந்தக் குழியில விழும்?” என்று கேளுங்கள். அவன் பதில் சொன்ன பிறகுதான் போடலாம். போட்டு முடித்ததும் சரியா தவறா என்று பலகையே சொல்லிவிடும். சிவப்புப் பேனாவுக்கு வேலையில்லை. கீழே வரும் எல்லா ஆட்டத்துக்கும் இதுதான் விதி: கை நகரும் முன் கேள்வி, நகர்ந்த பின் சரிபார்ப்பு.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறைந்தது மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். முதல் நாள் ஆட்டம் மட்டும், கணக்குப் பேச்சே வேண்டாம். விதி புரியாத பிள்ளையிடம் கேள்வியும் கேட்டால் இரண்டும் குழம்பும். இரண்டாம் நாள் கேள்வி. மூன்றாம் நாள் எழுத்து. முதல் நாளை மிச்சம் பிடிக்க நினைத்தால் மூன்றாம் நாள் வரை விதிச் சண்டைதான் நடக்கும்.

பொருள் சேர்ப்பது

புளியங்கொட்டைதான் முதல் தேர்வு. சதை போகக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும், பழையதில் வண்டு துளைக்கும். ஒரு பலகைக்கு 70 கொட்டையும், தொலைவதற்கென்று இன்னும் 10-ம் எடுத்து வையுங்கள்.

மஞ்சாடி அழகு, கைக்கும் வழவழப்பு. ஆனால் சிறியது, மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளைகள் இவர்கள், ஆண்டு 1-இல் கண் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று முக்கியம்: மஞ்சாடி முழுச் சிவப்பு. சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி. அதன் பருப்பு கொடிய நஞ்சு. பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வரும் பையை நீங்களே கொட்டிப் பார்த்துப் பொட்டு வைத்ததையெல்லாம் அகற்றுங்கள்.

ரப்பர் கொட்டையை எண்ணுவதற்கு வைத்துக்கொள்ளலாம், கடித்துப் பார்க்க விடக்கூடாது. பச்சைக் கொட்டையிலும் நஞ்சு உண்டு. பருமனாக இருப்பதால் பல்லாங்குழிக்கும் ஆகாது, ஒரு குழியில் எட்டுச் சேர்ந்தால் வழியும். தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டதால் இப்போது தேடித்தான் எடுக்க வேண்டும். கிடைத்தால், காய் வெடிக்கும் பருவத்தில் ஒரு சாக்குப் பை சேர்த்துவிடுங்கள்.

மரப் பலகை இல்லையென்றால் முட்டை அட்டை போதும். 30 முட்டை அட்டையில் 5 வரிசை, வரிசைக்கு 6 குழி. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் 12 குழிப் பலகை இரண்டு கிடைக்கும். மிஞ்சிய ஒரு வரிசையை ஒவ்வொன்றாக வெட்டி, பலகைக்கு இரண்டு ஒட்டினால் ஆளுக்கு 7 குழி வந்துவிடும். இரண்டு குழி மீதம். அழுக்கில்லாத அட்டையாக எடுத்து, ஒரு நாள் வெயிலில் வையுங்கள்.

ஒற்றையா இரட்டையா: இதிலிருந்து தொடங்குங்கள்

ஆளுக்கு 10 புளியங்கொட்டை. ஒருவர் சிலவற்றைக் கைக்குள் மூடி “ஒத்தையா ரெட்டையா?” என்பார். மற்றவர் சொல்வார். கை திறந்ததும் எண்ணக்கூடாது. இரண்டிரண்டாகச் சோடி சேர்க்க வேண்டும். துணையில்லாமல் ஒன்று நின்றால் ஒற்றை. சரியாகச் சொன்னவருக்கு ஒரு முத்து. வீட்டில் கைக்குள் இருப்பது முழுவதையும் கொடுப்பார்கள். வகுப்பில் அப்படி வைத்தால் இரண்டு நிமிடத்தில் பாதிப் பேர் ஓட்டாண்டியாகிச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

சோடி சேர்ப்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? “1, 3, 5, 7, 9-இல் முடிந்தால் ஒற்றை” என்று மனப்பாடம் செய்த பிள்ளை 36-ஐப் பார்த்து முன்னால் இருக்கும் 3-ஐப் பிடித்துக்கொண்டு ஒற்றை என்பான். சோடி சேர்த்துப் பழகியவனுக்கு அந்தத் தடுமாற்றம் குறைவு. கடைசி இலக்கத்தைப் பற்றிய விதியை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும். சோடி ஆட்டம் நன்றாகப் பழகிய பிறகு அது தானே வரும்.

இரண்டாம் நாள் வெறுங்கையை மூடிக் காட்டுகிற குறும்புக்காரன் ஒருவன் கட்டாயம் வருவான். அவனை அதட்டாதீர்கள், அன்றைய பாடமே அவன்தான். வெறுங்கை ஒற்றையா இரட்டையா? “துணையில்லாம யாராவது நிக்கிறாங்களா?” என்று கேளுங்கள். யாரும் நிற்கவில்லை. ஆகவே சுழியம் இரட்டைப்படை எண். இதைப் புத்தகத்தில் படித்து நம்புவதைவிட வெறுங்கையைப் பார்த்து நம்புவது எளிது.

மூன்றாம் நாள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை திறக்கட்டும். இருவர் கையிலும் ஒற்றை. இவன் கையில் துணையில்லாத ஒன்று, அவள் கையில் துணையில்லாத ஒன்று. இரண்டையும் நகர்த்திச் சேர்த்தால் சோடி. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை என்பது பலகையில் எழுதாமலே புரிந்துவிடும்.

ஐந்தாங்கல்

அஞ்சாங்கல், சொட்டாங்கல், கல்லாங்காய் என்று வீட்டுக்கு வீடு பெயர் மாறும். மலாய்ப் பிள்ளைகளுக்கு இது பத்து செரெம்பான். ஆண்டு 1-இல் அந்தப் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் கவனம். மலாயில் பத்து என்றால் கல். “பத்து” என்றதும் மீதி ஐந்து கல் எங்கே என்று தேடும் பிள்ளை உண்டு.

கூழாங்கல் சிமெண்டுத் தரையில் துள்ளி ஓடும், விரலையும் பதம் பார்க்கும். துணிப் பொட்டலம் மேல். 5 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துணித்துண்டை இரண்டாக மடித்து, இரண்டு பக்கம் தைத்து, ஒரு தேக்கரண்டி பச்சைப்பயறு போட்டு, திறந்த வாயை முதல் தையலுக்குக் குறுக்காகத் திருப்பித் தைத்துவிடுங்கள். நான்கு முக்கோண முகம் கொண்ட பொட்டலம் கிடைக்கும். நிரம்ப அடைத்தால் உருளும்; கொஞ்சம் தளர்வாக இருந்தால் விழுந்த இடத்தில் உட்காரும்.

ஒன்றை மேலே எறிந்து, அது வருவதற்குள் கீழே இருப்பதை அள்ளிப் பிடிப்பதுதான் ஆட்டம். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக, அடுத்ததில் இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கும் ஒரே அள்ளலில். எழுத்தில் வைத்தால்:

1 + 1 + 1 + 1 = 4
2 + 2 = 4
3 + 1 = 4
4 + 0 = 4

நான்கை இரண்டாகப் பிரிக்கும் வழி முழுவதும் ஒரே ஆட்டத்தில் அடங்கிவிட்டது. கேள்வி கேட்கும் இடம், அள்ளி முடித்துக் கையை மூடிய பிறகு. தரையைப் பார்க்கவிடாமல் “கையில இத்தனை, அப்ப கீழ எத்தனை?” எறியும் கல்லை மறந்துவிட்டு எண்ணுவதுதான் வழக்கமான பிழை: கையில் 3, கீழே 2 இருக்க வேண்டிய இடத்தில் எறிந்த கல் கையில் சேர்ந்ததை எண்ணாமல் 2-உம் 2-உம் நாலு என்பார்கள். எறியும் கல் மட்டும் வேறு நிறத்தில் இருக்கட்டும். நான்கின் சோடிகளுக்கு அதை விட்டுவிட்டு எண்ணுங்கள், ஐந்தின் சோடிகளுக்குச் சேர்த்து எண்ணுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்.

பிடிக்கத் தெரியாத பிள்ளைதான் இந்த ஆட்டத்தின் பெரிய சிக்கல். முதல் எறியிலேயே ஆட்டமிழந்து அவன் கணக்கின் பக்கமே வராமல் போவான். அவனுக்குக் கல்லுக்குப் பதில் சிறு ரப்பர் பந்து கொடுங்கள். எறிந்து, தரையில் ஒரு முறை குதிக்கவிட்டுப் பிடிக்கலாம். கிடைக்கும் நேரம் கூடுதல். யாரும் அதைச் சலுகை என்று நினைக்கமாட்டார்கள். பந்து எல்லாருக்கும் ஆசைதான்.

ஆண்டு 3-க்கு ஏழாங்கல். கீழே 6 கல். இரண்டிரண்டாக அள்ளினால் 3 முறை, மும்மூன்றாக 2 முறை. நான்கு நான்காக அள்ளப் போனால் 2 மிஞ்சும், ஐந்தைந்தாகப் போனால் 1 மிஞ்சும். மீதி என்பது பிள்ளைக்கு இங்கே கையில் தட்டுப்படும். வகுத்தல் குறியீட்டை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

பல்லாங்குழி: நிறைய நேரம் கொடுக்க வேண்டிய ஆட்டம்

இரண்டு வரிசை, வரிசைக்கு 7, மொத்தம் 14 குழி. குழிக்கு 5 முத்து, ஆக 70. ஆண்டு 1 பாடத்திட்டம் 100 வரையிலான எண்கள். 70 அதற்குள் அடங்கிவிடும். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் இதே மாதிரிதான், ஆனால் அதில் குழிக்கு 7 வீதம் 98 முத்து, இரண்டு பக்கமும் ‘வீடு’ என்ற பெரிய குழி. பள்ளிகளில் இருக்கும் நெகிழிப் பலகை பெரும்பாலும் சொங்காக்குதான். அதிலும் ஆடலாம், வீட்டை வெறுமனே முத்துச் சேர்க்கும் கிண்ணமாக வைத்துக்கொண்டால் போதும். ஆனால் விதியைக் கலக்காதீர்கள். சொங்காக்கில் கடைசி முத்து தன் வீட்டில் விழுந்தால் இன்னொரு ஆட்டம்; பல்லாங்குழியில் அப்படி வீடே கிடையாது. பாதிப் பிள்ளைகள் ஒன்றையும் பாதிப் பிள்ளைகள் மற்றதையும் வீட்டில் பழகியிருப்பார்கள். எந்த விதி என்பதை வெண்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

வகுப்புக்கான விதி:

1. குழிகளுக்கு 1 முதல் 14 வரை எண் ஒட்டுங்கள். 1 முதல் 7 வரை இந்தப் பக்கம் இடமிருந்து வலம். 8 முதல் 14 வரை எதிர்ப்பக்கம் வலமிருந்து இடம். ஆட்டம் சுற்றி வரும் திசையும் எண் ஏறும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும்.
2. தன் பக்கத்துக் குழி ஒன்றை முழுதும் அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.
3. கை காலியானதும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும்.
4. அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் மாறும். அதுவும் வெறுமை என்றால் எதுவும் கிடையாது.
5. தன் பக்கத்துக் குழியில் சரியாக 4 சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார்.

ஊருக்கு ஊர் விதி வேறுபடும். “எங்க பாட்டி இப்படித்தான் ஆடுவாங்க” என்று ஒரு பிள்ளை சொன்னால் மறுக்காதீர்கள், அடுத்த வாரம் பாட்டி விதியில் ஆடலாம். ஒரு சுற்றுக்கு ஒரு விதி, அவ்வளவுதான். பசுவை முதல் வாரம் விட்டுவிடலாம். ஆனால் பின்னால் சேர்க்காமல் இருக்காதீர்கள். நாலு முத்தைப் பார்த்தவுடனே, எண்ணாமலே “நாலு” என்று சொல்லப் பழக்குவது பசுதான்.

ஆசிரியருக்கு ஒரு சோதனை ஆட்டம். எல்லாக் குழியிலும் 5 இருக்கும்போது முதல் ஆட்டக்காரர் 1-ஆம் குழியை அள்ளட்டும். அந்த 5 முத்தும் 2 முதல் 6 வரை விழும். அடுத்த 7-ஆம் குழியை அள்ளினால் 8 முதல் 12 வரை. அடுத்து 13-ஆம் குழியின் 5 முத்து 14, 1, 2, 3, 4 என்று போகும். இப்போது 5-ஆம் குழியில் 6 இருக்கும். அது 6 முதல் 11 வரை. அடுத்து 12-ஆம் குழியிலும் 6. அது 13, 14, 1, 2, 3, 4. அடுத்த 5-ஆம் குழி வெறுமை. துடைத்துவிட்டு 6-ஆம் குழியைப் பார்த்தால் அங்கே 7 முத்து. முதல் ஆட்டம் 1-இல் தொடங்கினால் எந்தப் பலகையிலும் எந்த நாளும் 7 முத்துதான் கிடைக்கும். வகுப்பில் உள்ள எல்லாப் பலகையையும் ஒரே நேரத்தில் இப்படித் தொடங்கச் சொல்லுங்கள். ஏழு வராத பலகையில் யாரோ ஒரு குழியைத் தாவியிருக்கிறார் அல்லது இரண்டு முத்தைச் சேர்த்துப் போட்டிருக்கிறார். அங்கே போய் உட்காருங்கள்.

இனி கேள்வி. 3-ஆம் குழியில் 5 முத்து, அள்ளியாயிற்று. கடைசி முத்து எங்கே? 3 + 5 = 8. பாதிப் பிள்ளைகள் 7 என்பார்கள். இது கவனக்குறைவு அல்ல. அள்ளிய குழியையே ஒன்று என்று வைத்து 3, 4, 5, 6, 7 என ஐந்து குழி எண்ணுகிறார்கள். எண்கோட்டில் 3-இலிருந்து 5 தாவச் சொன்னாலும் இதே பிழைதான் வரும். அங்கே ஏன் தவறு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இங்கே அள்ளிய குழி வெறுமையாகக் கண்முன் கிடக்கிறது. அதன்மேல் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து வைத்து “இது புறப்பட்ட இடம், இங்க முத்து விழாது” என்று சொல்லுங்கள். எண்ணும்போது விரல் மூடியை விட்டுத் தாண்டிய பிறகே “ஒன்று”. இரண்டு பாடவேளையில் பெரும்பாலோர் திருந்திவிடுவார்கள். பிறகு மூடியை எடுத்துவிடலாம்.

அடுத்த படி பலகையைச் சுற்றி வருவது. 12-ஆம் குழியில் 5. 12 + 5 = 17. ஆனால் 17-ஆம் குழி இல்லையே? 14-க்கு மேல் எத்தனை மிச்சமோ அத்தனையாவது குழி: 17 – 14 = 3. ஆண்டு 2-இல் வைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக் கடிகாரம் சொல்லித்தரும்போது இது கைகொடுக்கும். 10 மணியிலிருந்து 5 மணி நேரம் கழித்து 3 மணி என்பதும் இதே சுற்றுதான்.

சுற்று முடிந்த பிறகுதான் கனமான கணக்கு வருகிறது. இருவரும் தத்தம் முத்தை எண்ண வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணவிடாதீர்கள், பத்துப் பத்தாகக் குவியல் வைக்கட்டும். ஒருத்திக்கு 43, அவனுக்கு 27 என்று வைத்துக்கொள்வோம். 43 + 27 = 70. எழுபது வரவில்லை என்றால் யாரோ தவறாக எண்ணியிருக்கிறார் அல்லது முத்து மேசைக்கு அடியில் கிடக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போனால், அவளை மட்டும் எண்ணவிட்டு, அவனிடம் “எண்ணாமலே சொல், உன்கிட்ட எத்தனை?” என்று கேளுங்கள். கழித்தலுக்கு இதைவிட நியாயமான காரணம் பிள்ளைக்குக் கிடைக்காது.

அடுத்த சுற்றுக்குத் தன் குழிகளை நிரப்ப வேண்டும். அவளுக்கு 7 குழிக்கு 35 போக 8 கையில். அவனுக்கோ 27-இல் 5 குழிதான் நிரம்பும், 2 மீதி, இரண்டு குழி மூடிக்கிடக்கும். 27 ÷ 5 = 5 மீதி 2. ஆண்டு 3 பிள்ளை இதை வகுத்தலாக எழுதட்டும். ஆண்டு 1 பிள்ளை 5, 10, 15, 20, 25 என்று எண் தோரணியாகச் சொல்லிக்கொண்டே நிரப்பினால் போதும்.

ஈர்க்கு எடுக்கும் ஆட்டம்: இடமதிப்புக்கு

செம்பனை ஈர்க்கு 20, ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர். கூர்முனையை நறுக்கி, தேய்த்துவிடுங்கள். ஐந்துக்கு மட்டும் நுனியில் சிவப்புச் சாயம். வெறும் ஈர்க்கு 1, சிவப்பு 10. ஆக 15-உம் 50-உம் சேர்ந்து 65. கைப்பிடியாக நிறுத்தி விட்டுவிட, சிதறியதில் மற்றது அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அசைந்தால் அடுத்தவர் ஆட்டம். தரையில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். குனிந்து நின்றால் கண்ணுக்கு ஆபத்து.

எடுத்து முடித்ததும், வெறும் ஈர்க்கு 10 சேர்ந்தவர் அதை ரப்பர் வளையத்தால் கட்டாகக் கட்ட வேண்டும். 2 சிவப்பும் 12 வெறும் ஈர்க்கும் வைத்திருப்பவருக்கு ஒரு கட்டு, 2 சிவப்பு, 2 ஈர்க்கு: மூன்று பத்து, இரண்டு ஒன்று, 32. எதிராளிக்கு 33. கூட்டினால் 65.

இதே கட்டு கழித்தலுக்கும் உதவும். 32 வைத்திருப்பவர் 5 கொடுக்க வேண்டும், கையில் 2 தான் தனியாக இருக்கிறது. “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” என்று சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை, பிள்ளைக்கும் அது ஏன் பத்தாகிறது என்று புரிவதில்லை. “கட்டை அவிழ்” என்று சொல்லுங்கள். அவிழ்த்தால் பத்து ஈர்க்கு கண்முன் விழும். தனியாக இருந்த 2-ஓடு சேர்த்து 12, அதில் 5 போக 7.

தாயம்

தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகம். விழுவதைக் கூட்ட வேண்டும். வெறுமை இரண்டும் விழுந்தால் 12. இந்தக் கடைசி விதியை ஆண்டு 1-இல் நிறுத்தி வையுங்கள். சுழியமும் சுழியமும் பன்னிரண்டு என்று கேட்டால் இப்போதுதான் கூட்டல் பழகும் பிள்ளை மிரண்டுபோகும். அவர்களுக்கு வெறுமை என்றால் நகர முடியாது, அவ்வளவே.

காய் இறக்கத் தாயம், அதாவது 1 விழ வேண்டும் என்பது பழைய விதி. இரண்டு கட்டையும் விழக்கூடிய வகை 16. அதில் 1 வருவது 2 வகையில்தான். எட்டு எறிக்கு ஒரு முறை என்றால் சின்னப் பிள்ளைகள் காத்திருந்தே சலித்துவிடுவார்கள். 1 அல்லது 5 விழுந்தால் இறக்கலாம் என்று மாற்றினால் நான்கில் ஒரு வாய்ப்பு, ஆட்டம் ஓடும்.

ஆண்டு 3-க்குத் தரவு கையாளுதலாக இதை வைக்கலாம். ஒவ்வொரு குழுவும் 32 முறை எறிந்து, விழுந்த எண்ணைக் கோட்டுக்குறியாகப் பதியட்டும். எறியும் முன் “எது அதிகம் விழும்?” என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலோர் 6 என்றோ 12 என்றோ எழுதுவார்கள், அது அவர்கள் ஆசை. அதிகம் எதிர்பார்க்க வேண்டியது 3. பதினாறில் நான்கு வகை. 6-உம் 12-உம் ஆளுக்கு ஒரே ஒரு வகை. ஒரு குழுவின் 32 எறியில் இது தெளிவாகத் தெரியாமலும் போகலாம். எல்லாக் குழுவின் பதிவையும் ஒரே பட்டைக் குறிவரைவில் சேர்த்தால் நடுவில் மேடு எழும்புவது தெரியும்.

“சகுனி ஆட்டத்தைப் பள்ளியில் சொல்லித்தருகிறீர்களா?” என்று கேட்கும் பெற்றோர் ஓரிருவர் இருப்பார்கள். பணயம் இல்லை, பதிவுத்தாள் உண்டு என்பதை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலிலேயே காட்டிவிடுவது நல்லது.

மற்றவை, சுருக்கமாக

பாண்டி: 40 சென்டிமீட்டர்ச் சதுரம் எட்டு. 1 முதல் 8 என்பதற்குப் பதில் 5, 10, 15 அல்லது 30, 28, 26 என்று எழுதினால் எண் தோரணி. தாவும் முன் அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். சபைகூடல் நடக்கும் திறந்த சிமெண்டுத் தரை பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. கூரைக்கு அடியில் வரையுங்கள்.

கிட்டிப்புள், மலாய்ப் பிள்ளைகளுக்குக் கொண்டா கொண்டி. புள் விழுந்த தூரத்தைக் கிட்டியால் அளப்பதுதான் இதில் பாடம். இரண்டு அணிக்கும் வெவ்வேறு நீளக் கிட்டி கொடுங்கள். ஒரே தூரம் ஒருவருக்கு 14, மற்றவருக்கு 11 என்று வந்ததும் சண்டை பிடிப்பார்கள். பொது அளவு ஏன் வேண்டும், சென்டிமீட்டர் ஏன் வந்தது என்பதற்கு அந்தச் சண்டை போதும். மரப்புள்ளை அடிக்க விடாதீர்கள், முகத்தில் பட்டால் வினை. செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி ஒட்டிய புள்ளே நன்றாகப் பறக்கும்.

கோலியை அனுமானித்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் போத்தலில் எத்தனை என்று எழுதிவிட்டுக் கொட்டிப் பத்துப் பத்தாக எண்ணுவது. ஆட்டமாக ஆடினால் குறி பார்ப்பதிலேயே நேரம் போய்விடும்.

வகுப்பை நடத்துவது

24 பேர் என்றால் ஆறு பலகை, பலகைக்கு நால்வர். இருவர் ஆடுவர், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் எழுதுவார். எழுதுபவருக்குக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) என்று பெயர் வையுங்கள், காதில் பென்சில் செருகிக்கொண்டு உட்காருவார்கள். கேள்வி கேட்டு விதியும் பார்ப்பவரைக் கங்காணி (தோட்டத்தில் வேலை வாங்குபவர்) என்று அழைக்க வேண்டாம்; வீட்டில் பாட்டிமாருக்கு அந்தச் சொல் இனிக்காது. நடுவர் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் வேலை மாற வேண்டும், இல்லாவிட்டால் எழுத வராத பிள்ளை கடைசிவரை ஆடிக்கொண்டே தப்பிவிடும்.

ஒரு மணி நேரப் பாடத்தில் 10 நிமிடம் விதியும் ஒரு மாதிரி ஆட்டமும், 25 நிமிடம் ஆட்டம், அதன் நடுவில் இரண்டு முறை “கை நிறுத்து” என்று எல்லாப் பலகையையும் நிறுத்தி ஒரே கேள்வி, பிறகு 15 நிமிடம் எழுத்து, 10 நிமிடம் எண்ணி அடுக்குவது. கடைசிப் பத்து நிமிடத்தைக் குறைத்தால் அடுத்த வகுப்புக்கு முத்து இருக்காது. மாணவர் குறைந்து இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து நடத்தும் கூட்டு வகுப்பில் இது இன்னும் எளிது. ஒரே பலகையில் ஆண்டு 1 பிள்ளை கூட்டலையும் ஆண்டு 3 பிள்ளை அதன் வகுத்தலையும் எழுதலாம்.

எழுதும்போது தமிழ்க் கணிதச் சொல்லையே பயன்படுத்துங்கள். ஆடும்போது பிள்ளைகள் “தம்பா” (கூட்டு), “தோலாக்” (கழி) என்று மலாயில் சொல்வதைத் திருத்தி ஆட்டத்தை உடைக்காதீர்கள். கிராணியின் தாளில் கூட்டல், கழித்தல், மீதி என்று இருந்தால் சரி.

வகுப்பறை மதிப்பீட்டுக்கு இந்த ஆட்டநேரம் நல்ல வாய்ப்பு. பெயர்ப் பட்டியலை அட்டையில் ஒட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். “கடைசி முத்து எங்கே?” என்று கேட்டதும் பிள்ளை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். முதல் குழியிலிருந்தே எல்லாவற்றையும் எண்ணினால் அ. புறப்பட்ட குழி எண்ணைச் சொல்லி அதிலிருந்து மேலே எண்ணினால் ஆ. யோசித்து நேரடியாக எண்ணைச் சொன்னால் இ. விடை சரியா தவறா என்பதைத் தனியே குறியுங்கள். அ-வில் சரியான விடை சொல்லும் பிள்ளையும் இ-யில் ஒன்று பிசகும் பிள்ளையும் தேர்வுத்தாளில் தலைகீழாகத் தெரிவார்கள். அடுத்து என்ன சொல்லித்தருவது என்பது இருவருக்கும் வேறு. ஒரு பாடவேளையில் எட்டுப் பேருக்கு மேல் பார்க்க முயலாதீர்கள். மூன்று பாடவேளையில் வகுப்பு முடிந்துவிடும். ஆறு அடைவுநிலைகளில் பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது இந்தப் பட்டியல் பக்கத்தில் இருக்கட்டும்.

மணி அடிக்கும் முன் ஒவ்வொரு டப்பாவும் ஏழு குவியலாக எண்ணப்பட்டு மூடப்பட வேண்டும். மூடியின் மேல் 70 என்று எழுதி ஒட்டுங்கள். 68 இருந்தால் எத்தனை குறைகிறது என்று பிள்ளையே சொல்லி, உதிரி டப்பாவிலிருந்து இரண்டு எடுத்துப் போட்டுவிட்டு, கிராணியின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.